ஓடை நீர் தெளிவாக இருந்தாலும் கொதிக்க வைத்தே குடியுங்கள்

மலையேறப் போகும் பலரும் ஓடையைப் பார்த்தால் கையில் அள்ளிக் குடித்துவிடுவார்கள். பளிங்கு மாதிரி தெரியும் நீரிலும் ஜியார்டியா என்ற குடல் ஒட்டுண்ணி இருக்கலாம். மேலே எங்கோ மாடு மேய்ந்திருக்கும், யாரோ கரையோரம் மலம் கழித்திருப்பார்கள். ஒரு மழை பெய்தால் எல்லாம் ஓடைக்குத்தான் வரும்.

இந்த ஒட்டுண்ணி தடித்த ஓட்டுக்குள் முட்டை வடிவில் அடங்கியிருக்கும். நீளம் சுமார் 10 மைக்ரான்தான், அதாவது ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு. வேட்டித் துணியை நாலாக மடித்து வடிகட்டினாலும் நழுவிவிடும். குளிர்ந்த நீரில் வாரக்கணக்கில் உயிரோடு கிடக்கும். குளோரின் மாத்திரையை மட்டும் நம்ப வேண்டாம். இதன் கூட்டாளியான கிரிப்டோஸ்போரிடியம் என்ற இன்னொரு குடல் ஒட்டுண்ணி அதற்கு அசையவே அசையாது.

சரி, என்ன செய்வது? கலங்கல் நீரென்றால் தெளியவிட்டு, துணியில் வடிகட்டி, அப்புறம் தளதளவென்று 1 நிமிடம் கொதிக்க விடுங்கள். ஊட்டி போல 2,000 மீட்டருக்கு மேல் உள்ள இடமென்றால் 3 நிமிடம். பல் துலக்கி வாய் கொப்பளிக்கவும் அந்த நீரையே எடுங்கள். குழந்தைகள் ஓடையில் குளிக்கும்போது தண்ணீரை விழுங்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஊர் திரும்பி ஒன்றிரண்டு வாரம் கழித்து வயிறு உப்பி, அழுகிய முட்டை வாடையோடு ஏப்பம், பிசுபிசுப்பாக நாற்றமடிக்கும் பேதி வந்தால் மருத்துவரிடம் போங்கள். ஓடைத் தண்ணீர் குடித்ததை மறக்காமல் சொல்லுங்கள்; மலப் பரிசோதனையில் எதைத் தேடுவதென்று அவருக்கு அப்போதுதான் தெரியும்.