ஒன்றரை வயதுக் குழந்தையும் ஒரு கிண்ணம் பருப்புச் சாதமும்

முதல் பிறந்தநாள் வரை கொடுத்ததையெல்லாம் சாப்பிட்ட குழந்தை ஒன்றரை வயதில் இரண்டாவது வாய்க்கே தலையைத் திருப்பிக்கொண்டால், பெரும்பாலான வீடுகளில் முதலில் சந்தேகிக்கப்படுவது கண் திருஷ்டி. அடுத்தது வயிற்றுப் பூச்சி. அதற்கு முன் ஒரு சிறு கணக்கைப் பார்த்துவிடுவது நல்லது. 3 கிலோ எடையுடன் பிறக்கும் குழந்தை ஓராண்டு நிறைவில் ஏறத்தாழ 9 கிலோவை எட்டுகிறது. ஆனால் அடுத்த ஓராண்டில் கூடுவதோ 2 அல்லது 2.5 கிலோதான். வளரும் வேகம் தணிவதால் பசியும் தணிகிறது. போதாக்குறைக்கு, இப்போதுதான் நடக்கவும் அலமாரியைத் திறக்கவும் கற்றிருக்கும் குழந்தைக்குச் சாப்பாடு என்பது விளையாட்டின் நடுவே வரும் தொந்தரவு.

ஆகவே முதலில் மாற வேண்டியது நம் எதிர்பார்ப்பு. அமெரிக்க உணவியல் வல்லுநர் எல்லின் சாட்டர் இதற்கு எளிய பொறுப்புப் பிரிவினை ஒன்றை வகுத்தார்: என்ன உணவு, எப்போது, எங்கே என்பதைப் பெரியவர்கள் முடிவு செய்ய வேண்டும், சாப்பிடுவதா, எவ்வளவு என்பதைக் குழந்தை முடிவு செய்ய வேண்டும். பிற்பாதியைக் கடைப்பிடிப்பதுதான் கடினம். கிண்ணத்தில் மீந்திருக்கும் நான்கு வாய்ச் சோற்றைப் பார்த்துக்கொண்டு கையைக் கழுவுவதற்கு மன உறுதி வேண்டும்.

நேரத்தை ஒழுங்குபடுத்துவதில் தொடங்கலாம். மூன்று வேளை உணவும் இடையே இரண்டு சிற்றுண்டியும் போதும். நடுவில் பிஸ்கட், முறுக்கு, பழச்சாறு என்று ஏதும் உள்ளே போகக்கூடாது. பசுவின் பால் நாளொன்றுக்கு அரை லிட்டரைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். பாலில் இரும்புச்சத்து மிகக் குறைவு. வயிற்றைப் பாலே நிரப்பிவிட்டால் குழந்தை சோற்றையும் பருப்பையும் கீரையையும் ஒதுக்கும், நாளடைவில் இரத்தசோகையும் வரக்கூடும்.

அடுத்தது, குழந்தையைத் தன் கையால் உண்ண விடுவது. தரையில் பழைய சேலை ஒன்றை விரித்து, மேல்சட்டையைக் கழற்றிவிட்டு, ஓரம் உயர்ந்த எவர்சில்வர் தட்டில் குழந்தையின் உள்ளங்கையளவு பருப்புச் சாதம் மட்டும் வைக்கவும். நிறைய வைத்தால் நிறையக் கவிழும். சாதத்தை மிக்ஸியில் அரைத்துக் கூழாக்க வேண்டாம். நெய் விட்டுக் குழையப் பிசைந்து, விரலால் எடுக்கும் பதத்தில் சிறு உருண்டைகளாக வைத்தால் போதும். பக்கத்தில் வேகவைத்த கேரட் துண்டு ஒன்றும், கொஞ்சம் இட்லியும் இருக்கட்டும். உங்கள் கையில் இன்னொரு கிண்ணம் இருந்தால், குழந்தை தலைமுடியில் சாதம் பூசிக்கொள்ளும் இடைவெளிகளில் நீங்களும் ஒன்றிரண்டு வாய் ஊட்டிவிடலாம். வீட்டார் கூடவே உட்கார்ந்து சாப்பிடுவது இதைவிட முக்கியம். பார்த்துச் செய்யும் வயது இது. உருண்டை ஒன்றை எடுத்துத் தன் வாய்க்குக் கொண்டுபோனபின் மனம் மாறி உங்கள் வாயில் திணிக்கும் நாளும் வரும். அது எச்சில் என்று யாரும் தட்டிவிடுவதில்லை. புதிய காய் ஒன்றைத் துப்பிவிட்டால் அதை மறுபடியும் வேறொரு நாள் வைக்கவும்; பத்துப் பதினைந்து முறை கண்டபிறகு ஏற்றுக்கொள்ளும் குழந்தைகள் உண்டு. இருபது, முப்பது நிமிடத்தில் தட்டை எடுத்துவிட வேண்டும். சிந்திய சோற்றை உடனே துடைத்தால் தரையெல்லாம் இழுபடும்; சற்றுக் காயவிட்டுச் சேலையோடு உதறுவதே எளிது.

கைப்பேசியைக் காட்டி ஊட்டுவது ஒரு வார வசதி, பல மாதத் தொல்லை. திரையில் லயித்திருக்கும் குழந்தைக்குத் தன் வயிறு நிறைந்தது தெரிவதில்லை. ஒரு வயதுக் குழந்தைக்குத் திரையே வேண்டாம் என்றும், இரண்டு வயதில் 1 மணி நேரத்தைத் தாண்டக்கூடாது என்றும் உலக சுகாதார நிறுவனம் 2019இல் பரிந்துரைத்தது. பழகிவிட்ட குழந்தையிடம் நிறுத்தினால் மூன்று நான்கு நாள் அழுகை இருக்கும். அந்த நாட்களில் வீட்டில் எல்லோரும் ஒரே முடிவில் நிற்க வேண்டும். நிலாவையோ காக்கையையோ காட்டி ஊட்டும் தாத்தா பாட்டியைத் தடுக்க வேண்டியதில்லை என்பது என் கருத்து, குழந்தையோடு பேச்சாவது நடக்கிறதே.

வேர்க்கடலை, முழுத் திராட்சை, பொரிகடலை, பாப்கார்ன் ஆகியவை இந்த வயதில் மூச்சுக்குழலை அடைக்கக்கூடியவை. திராட்சையை நீளவாக்கில் நான்காக நறுக்கியே தர வேண்டும். ஓடிக்கொண்டிருக்கும் குழந்தையின் பின்னால் போய் ஊட்டுவதும் ஆபத்தே. உணவு சிக்கி இருமினால் இருமவிட வேண்டும். கண்ணுக்குத் தெரியாத பொருளைத் தேடி வாயில் விரல் விட்டால் அது இன்னும் உள்ளே போகும். சத்தமே எழாமல் திணறினால், உடனே முன்னால் சாய்த்துப் பிடித்து, தோள்பட்டைகளுக்கு நடுவே உள்ளங்கையின் அடிப்பகுதியால் 5 முறை பலமாகத் தட்ட வேண்டும். உடனிருப்பவர் 108ஐ அழைக்கட்டும். அதற்கும் வெளிவராவிட்டால் செய்ய வேண்டிய வயிற்று அழுத்த முறையைச் செவிலியரிடம் முன்கூட்டியே பழகிக்கொள்வது நல்லது.

மாதம் ஒருமுறை அங்கன்வாடியிலோ மருத்துவமனையிலோ எடை பார்த்து வளர்ச்சி அட்டையில் குறித்துவரவும். கோடு மேலே ஏறிக்கொண்டிருந்து, குழந்தை சுறுசுறுப்பாகவும் இருந்தால் மீந்த சோற்றைப் பற்றிக் கவலை வேண்டாம். எடை தொடர்ந்து தேங்கினாலோ, இறங்கினாலோ, குழந்தை வெளிறிச் சோர்ந்திருந்தாலோ, மண்ணையும் சுவர்ச் சுண்ணாம்பையும் தேடித் தின்றாலோ, டானிக் வாங்கப் போகாமல் குழந்தை மருத்துவரைப் பார்க்க வேண்டும். அந்த அட்டையையும் மறவாமல் எடுத்துச் செல்லவும்.