ஒரே விரலா? இரண்டு கைரேகைப் படங்களைக் கணினியில் பொருத்திப் பார்க்கலாம்

இரண்டு படங்களையும் ஒன்றின் மேல் ஒன்று வைத்துக் கழித்தால் போதாதா? நானும் முதலில் அதைத்தான் செய்தேன். ஒரே விரலுக்கு 'வேறு ஆள்' என்று விடை வந்தது. அங்குலத்துக்கு 500 பிக்சல் ஸ்கேனில் அடுத்தடுத்த ரேகைகளுக்கு நடுவே சுமார் 10 பிக்சல்தான், அதாவது அரை மில்லிமீட்டர். விரல் கால் மில்லிமீட்டர் நகர்ந்தாலே ரேகை பள்ளத்தின் மேல் போய் உட்கார்ந்துவிடும். அதனால் படத்தை விட்டுவிட்டு, அதில் ரேகைகள் முடியும், பிரியும் புள்ளிகளைப் பொருத்துவோம்.

பயிற்சிக்கு எஃப்விசி 2002 என்ற கைரேகை பொருத்தும் நிரல்களுக்கான போட்டியின் மாதிரித் தொகுப்பு ஒன்றை இறக்கிக்கொள்ளுங்கள். 10 விரல், விரலுக்கு 8 படம்.

படி 1: கேபர் ஃபில்டரால் (குறிப்பிட்ட திசையிலும் இடைவெளியிலும் ஓடும் கோடுகளை மட்டும் எடுத்துக்காட்டும் வடிகட்டி) ரேகைகளைத் தெளிவாக்கி, கருப்பு வெள்ளையாக்கி, ஒரு பிக்சல் தடிமனுக்கு மெலியுங்கள். பைத்தானில் இதற்கெல்லாம் தயார் நிரல்கள் உண்டு.

படி 2: ரேகை மேலுள்ள ஒவ்வொரு பிக்சலையும் சுற்றியிருக்கும் 8 பிக்சல்களைப் பாருங்கள். ஒன்று மட்டும் ரேகை என்றால் அங்கே கோடு முடிகிறது. ஒன்றையொன்று தொடாத மூன்று என்றால் இரண்டாகப் பிரிகிறது. இடத்தோடு திசையையும் குறித்துவையுங்கள். பட ஓரத்து முனைகள் பெரும்பாலும் பொய், விரல் அதற்கு மேல் படவில்லை, அவ்வளவுதான். தயங்காமல் நீக்குங்கள்.

படி 3: இங்கேதான் பலர் தடுமாறுகிறார்கள். முதல் படத்தில் ஒரு புள்ளி (120, 200), அதாவது இடமிருந்து 120, மேலிருந்து 200 பிக்சல்; திசை கடிகாரச் சுற்றில் 30 டிகிரி. இரண்டாவதில் (150, 180), 50 டிகிரி. இரண்டும் ஒன்றே என்று வைத்துக்கொண்டால் விரல் 20 டிகிரி திரும்பியிருக்கிறது. முதல் படத்தில் அதற்கு 40 பிக்சல் வலப்பக்கம் இன்னொரு புள்ளி இருக்கிறதா? கடிகாரச் சுற்றில் 20 டிகிரி திருப்பினால் அது 37.6 வலப்பக்கமும் 13.7 கீழேயும் போகும். இரண்டாவது படத்தில் (188, 194) அருகே கிடைக்கவேண்டும். (190, 191)-ல் கிடைத்தால் சரி, சேர்த்துக்கொள்ளலாம். தோல் ரப்பர் மாதிரி இழுபடும் என்பதால் நான் 15 பிக்சல் வரை விட்டுக்கொடுப்பேன். திசையும் 20 டிகிரி மாறியிருக்கவேண்டும். எல்லா ஜோடிகளையும் இப்படிச் சோதித்து, அதிகப் புள்ளிகள் ஒத்துவரும் திருப்பத்தை வைத்துக்கொள்ளுங்கள்.

படி 4: படங்களில் 30, 36 புள்ளிகள், பொருந்தியவை 24 என்றால் 24-ஐ வர்க்கமாக்கி 30 × 36-ஆல் வகுங்கள்: 0.53. இதுதான் மதிப்பெண். எதற்கு மேல் 'ஒரே விரல்'? உங்கள் படங்களையே கேளுங்கள். ஒரே விரல் ஜோடிகள் 280 இருக்கின்றன. வேறு விரல் ஜோடிகளின் மதிப்பெண்களையும் பக்கத்தில் வரைந்தால் இரண்டு குன்றுகள் தெரியும். எல்லைக் கோட்டை அவற்றுக்கு நடுவே போடுங்கள். அப்புறம், தப்பான பக்கம் விழுந்த படங்களைத் திறந்து பாருங்கள், பாதியில் வைத்த விரலோ வறண்ட தோலோ கண்ணில் படும்.