பழைய பெட்ஃபோர்ட் லாரி எஞ்சினில் சூப்பர்சார்ஜர் பொருத்துவது எப்படி?

மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டைச் சுற்றியுள்ள தோட்டங்களில் ரப்பர் பாலும் செம்பனைக் குலையும் ஏற்றிய பெட்ஃபோர்ட் லாரிகளில் சில, இன்றும் கொட்டகைகளில் உயிரோடு இருக்கின்றன. அவற்றைச் சீர்செய்து ஓட்ட விரும்பும் இளைஞர்கள் பலர், ஏற்றத்தில் அந்த எஞ்சின் திணறுவதைப் பார்த்துவிட்டு, சூப்பர்சார்ஜர் பொருத்த முடியுமா என்று கேட்கிறார்கள். சூப்பர்சார்ஜர் என்பது எஞ்சினின் சக்தியாலேயே சுழன்று, கூடுதல் காற்றை எஞ்சினுக்குள் அழுத்தித் தள்ளும் கருவி. பொருத்த முடியும். இந்த விளக்கம் 214 கன அங்குல, அதாவது 3519 சிசி கொள்ளளவுள்ள ஆறு சிலிண்டர் பெட்ரோல் எஞ்சினை மனத்தில் வைத்து எழுதப்பட்டது. மற்ற பழைய லாரி எஞ்சின்களுக்கும் கணக்கு மாறுமே தவிர முறை மாறாது.

வேலையைத் தொடங்கும் முன் ஜேபிஜே (சாலைப் போக்குவரத்துத் துறை) அலுவலகத்தில் விசாரித்துவிடுங்கள். சாலையில் ஓடும் வாகனத்தின் எஞ்சினில் இத்தகைய மாற்றம் செய்ய அனுமதி வேண்டும். வேலையை முடித்த பிறகு அனுமதிக்கு அலைவதைவிட முதலிலேயே கேட்டுக்கொள்வது எளிது.

முதல் படி: எஞ்சினின் உடல்நிலை

சுவர் இருந்தால்தான் சித்திரம். ஸ்பார்க் பிளக் அனைத்தையும் கழற்றி, ஆக்சிலரேட்டரை முழுதாக மிதித்தபடி, ஒவ்வொரு சிலிண்டரிலும் கம்ப்ரஷன் கேஜ் வைத்துப் பாருங்கள். ஆறு அளவுகளும் ஒன்றுக்கொன்று பத்து விழுக்காட்டுக்குள் இருந்தால் மேற்கொண்டு போகலாம். ஒன்று மட்டும் தாழ்ந்திருந்தால், அந்தச் சிலிண்டரில் கொஞ்சம் எஞ்சின் ஆயில் விட்டு மீண்டும் அளக்க வேண்டும். அளவு ஏறினால் ரிங் தேய்ந்திருக்கிறது என்றும், ஏறாவிட்டால் வால்விலோ கேஸ்கட்டிலோ கசிவு இருக்கிறது என்றும் கொள்ளலாம். ஈயம் கலக்காத பெட்ரோலில், கூடுதல் சுமையோடு ஓடும்போது பழைய வால்வு சீட்டுகள் சீக்கிரம் உள்வாங்கும். ஆகவே ஹெட்டைக் கழற்றும் வாய்ப்பு வந்தால், எக்ஸாஸ்ட் வால்வுகளுக்குக் கடினமான சீட் வளையங்களை லேத் பட்டறையில் போட்டுக்கொள்வது நல்லது. ஆயில் பிரஷர், ரேடியேட்டர், தண்ணீர் பம்ப் மூன்றும் ஐயத்துக்கு இடமின்றி இருக்க வேண்டும்.

இரண்டாம் படி: சூப்பர்சார்ஜரைத் தேர்ந்தெடுத்தல்

நமக்கு வேண்டியது ரூட்ஸ் வகைச் சூப்பர்சார்ஜர். இந்தக் காற்றூதிக்கு, அமெரிக்காவின் இண்டியானா மாநிலத்து ரூட்ஸ் சகோதரர்கள் 1860-இல் காப்புரிமை பெற்றார்கள். 1921-இல்தான் மெர்சிடிஸ் கார்கள் சூப்பர்சார்ஜருடன் விற்பனைக்கு அறிமுகமாயின. பிற்காலத்தில் இந்த வகை பழைய இரும்புக் கடைகள் வரை வந்து சேர்ந்ததற்குக் காரணம், ஜிஎம் நிறுவனத்தின் டெட்ராய்ட் டீசல் 71 வரிசை எஞ்சின்கள். இரண்டு ஸ்ட்ரோக் டீசல் எஞ்சினுக்கு ஊதி இல்லாமல் ஓடத் தெரியாது என்பதால், படகுகளிலும் ஜெனரேட்டர்களிலும் மண்வாரிகளிலும் இருந்த ஒவ்வொரு எஞ்சினோடும் ஓர் ஊதி இருந்தது. 71 என்பது ஒரு சிலிண்டரின் கன அங்குலம். அதற்கு முன்னுள்ள எண் சிலிண்டர்களின் எண்ணிக்கை.

பலரும் தேடிப்போவது 6-71. அது ஒரு சுற்றுக்கு 411 கன அங்குலக் காற்றைத் தள்ளும். நமது எஞ்சினுக்கு அது மிகப் பெரிது. உள்ளே சுழன்று காற்றைத் தள்ளும் ரோட்டரின் நீளம் சிலிண்டர் எண்ணிக்கையை ஒட்டிக் குறைவதால், 3-71 ஊதி சுமார் 205 கன அங்குலம் தள்ளும். என் தேர்வு இதுதான்.

கணக்கைப் பாருங்கள். நான்கு ஸ்ட்ரோக் எஞ்சின் இரண்டு சுற்றுக்கு ஒருமுறைதான் முழுக் கொள்ளளவையும் உறிஞ்சும். எனவே 214 கன அங்குல எஞ்சினின் தேவை ஒரு சுற்றுக்கு 107. 205 தள்ளும் ஊதியை, எஞ்சினின் முதன்மைத் தண்டான கிராங்கின் வேகத்தில் 0.7 பங்கு வேகத்தில் சுழற்றினால் 143 கிடைக்கும். அதை 107-ஆல் வகுத்தால் ஏறத்தாழ 1.34. ஒன்றுக்கு மேல் உள்ள 0.34-ஐ, வளிமண்டல அழுத்தமான 14.7-ஆல் பெருக்கினால் 5 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு 5 பவுண்டு அழுத்தம்). டீசல் எஞ்சினில் கிராங்கைவிட ஏறத்தாழ இரு மடங்கு வேகத்தில் சுழன்ற ஊதி, இங்கே கிராங்கைவிட மெதுவாகச் சுழலும். மெதுவாகச் சுழலும்போது ரோட்டர் இடுக்குகளில் கசிவு கூடும் என்பதால், கேஜ் காட்டுவது கணக்கைவிடச் சற்றுக் குறைவாகவே இருக்கும். அதைக் குறையாக எண்ண வேண்டாம். கிராங்க் புல்லி 5 அங்குலம், ஊதியின் புல்லி 7 அங்குலம் என்று தொடங்குங்கள்.

அதற்குமேல் ஆசைப்படக் கூடாது என்பதை அழுத்திச் சொல்கிறேன். எஞ்சினின் கம்ப்ரஷன் விகிதம் 7 என்றால், 5 பிஎஸ்ஐ அழுத்தத்தில் அது 9.4 போல நடந்துகொள்ளும். நான்கே மெயின் பேரிங்குகள் உள்ள, சுமை இழுப்பதற்காகவே பிறந்த எஞ்சின் அது. 5 பிஎஸ்ஐ-யில் அதன் இழுவை எவ்வளவு மாறுகிறது என்பதை முதல் ஏற்றத்திலேயே உணர்வீர்கள்.

மூன்றாம் படி: ஊதியைத் திறந்து பார்த்தல்

இதற்கு அவசரமில்லாத ஒரு நாளை ஒதுக்குங்கள். வெளியே கழுவி, வாய்ப்பகுதியின் வழியே விளக்கைக் காட்டிப் பாருங்கள். முறுக்கிய மூன்று இதழ் ரோட்டர்கள் இரண்டும் ஒன்றையொன்று தொடாமல் சுழல வேண்டும். அலுமினியத்தில் பளபளக்கும் கீறல் தெரிந்தால், ரோட்டர் எங்கோ உரசியிருக்கிறது. நீண்ட ஃபீலர் கேஜ் தகட்டை ரோட்டர்களுக்கு நடுவிலும், ரோட்டருக்கும் உறைக்கும் இடையிலும், இரு முனைகளிலும் விட்டு அளந்து, ஒவ்வொரு அளவையும் தாளில் குறித்து, அந்த மாடலின் பழுதுநூல் சொல்லும் அளவோடு ஒப்பிடுங்கள்.

பேரிங் மாற்றப் பல்சக்கரங்களைக் கழற்ற நேர்ந்தால், இரண்டையும் ஒரே நேரத்தில் இழுக்க வேண்டும். ஒன்றை மட்டும் இழுத்தால் முறுக்கிய இதழ்கள் ஒன்றோடொன்று சிக்கி நசுங்கும். சக்கரங்களின் பின்னால் இருக்கும் மெல்லிய ஷிம் தகடுகள்தான் ரோட்டர்களின் இடைவெளியைத் தீர்மானிக்கின்றன. எது எந்தப் பக்கம் இருந்தது என்று குறிக்காமல் ஒன்றையும் எடுக்காதீர்கள்.

ஆயில் சீல்களைக் கட்டாயம் மாற்றுங்கள். டீசலில் இந்த ஊதி காற்றை மட்டுமே கண்டது. இனிமேல் பெட்ரோல் கலவை அதன் வழியே போகும். எனவே பெட்ரோலைத் தாங்கும் 'விட்டான்' (Viton) என்ற செயற்கை ரப்பர் சீல் வேண்டும். தேய்ந்த சீலை அப்படியே விட்டால், ஆக்சிலரேட்டரை விடும்போது உண்டாகும் வெற்றிடம் ஆயிலை உள்ளே உறிஞ்ச, லாரி நீலப் புகை கக்கும்.

காற்று ரோட்டர்களின் நடுவே பாய்வதாகத் தொடக்கநிலையாளர்கள் நினைப்பதுண்டு. உண்மையில் அது இதழ்களுக்கும் உறைச் சுவருக்கும் இடையே சிக்கி, வெளிச்சுற்றாகவே போகிறது. உள்வாய்ப் பக்கமிருந்து பார்க்கும்போது ரோட்டர்கள் ஒன்றைவிட்டு ஒன்று விலகிச் சுவரை நோக்கி நகர்ந்தால், சுழலும் திசை சரி. கையால் சுழற்றிப் பார்த்து, உறையின் மேல் அம்புக்குறி போட்டுவையுங்கள்.

நான்காம் படி: தாங்கியும் பெல்ட்டும்

ஊதியை எஞ்சினின் மீதே தாங்க வைக்க வேண்டும். சேசிஸில் கட்டக் கூடாது. ரப்பர் மவுண்டின் மேல் எஞ்சின் அசையும், சேசிஸ் அசையாது. பெல்ட் நேர்கோட்டில் நிற்காமல் அறுந்து போகும். தடித்த இரும்புத் தகட்டில் தாங்கி செய்து, எஞ்சின் பிளாக்கில் ஏற்கெனவே உள்ள போல்ட் துளைகளில் மாட்டுவது சிறந்த வழி. இரட்டை வி பெல்ட் போடுங்கள். புல்லிகளின் முகத்தில் நீண்ட ஸ்டீல் ரூலரை வைத்தால் நான்கு விளிம்புகளும் அதைத் தொட வேண்டும். பெல்ட்டின் நடுவில் கட்டைவிரலால் அழுத்தினால் அரை அங்குலம் இறங்குவது போதும். மேலும் முறுக்கினால் கிராங்கின் முன் பேரிங் தேயும்.

ஊதியின் பல்சக்கரங்களுக்கு எஞ்சினிலிருந்து மெல்லிய குழாயில் ஆயில் கொடுத்து, தடித்த குழாயில் எஞ்சினின் அடியிலுள்ள ஆயில் தொட்டியான சம்ப்புக்குத் திரும்ப விடுங்கள். திரும்பும் குழாய் வளைவோ மேடோ இல்லாமல் கீழ்நோக்கியே போக வேண்டும்.

ஐந்தாம் படி: கார்புரேட்டரும் மேனிஃபோல்டும்

கார்புரேட்டரை ஊதிக்கு முன்னால் வையுங்கள். அப்போது அது சாதாரணக் காற்றழுத்தத்திலேயே வேலை செய்யும்; பழைய பெட்ரோல் பம்ப்பை மாற்ற வேண்டியதில்லை; பெட்ரோல் ஆவியாகும்போது ரோட்டரும் குளிரும். 2 அங்குல எஸ்யு கார்புரேட்டர் இதற்குப் பொருத்தமானது. காற்றின் அளவுக்கேற்பத் தன் வாயைத் தானே திறந்து மூடிக்கொள்வதால், நீடிலை மாற்றிக் கலவையைச் சரிசெய்வது தொடக்கநிலையாளருக்கும் கைவரும்.

இதில் ஒரு பெரிய ஆபத்தும் இருக்கிறது. ஊதியிலிருந்து ஹெட் வரை குழாய் முழுவதும் எரியக்கூடிய கலவை நிறைந்திருக்கும். ஒருமுறை எஞ்சின் பின்வெடித்தால் அது அத்தனையும் பற்றிக்கொள்ளும். எனவே கலவையைச் சிலிண்டர்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் குழாயான மேனிஃபோல்டில் ஸ்பிரிங் வைத்த பாதுகாப்பு வால்வு ஒன்றைக் கட்டாயம் பொருத்துங்கள். இது இல்லாமல் எஞ்சினை ஒரு விநாடிகூட ஓட்டக் கூடாது. குழாய் இணைப்புகளில் பெட்ரோலைத் தாங்கும் ரப்பரையே பயன்படுத்துங்கள். எக்ஸாஸ்ட்டுக்கும் கலவைக் குழாய்க்கும் நடுவே வெப்பத் தகடு வையுங்கள். குளிர்நாட்டுக்காக இன்டேக்கைச் சூடாக்கும் வழி மேனிஃபோல்டில் இருந்தால், அதைத் தகடு போட்டு அடைத்துவிடுங்கள். நம் ஊர் வெயிலுக்கு அது தேவையே இல்லை.

பிரேக்கை மறந்துவிடாதீர்கள். லாரியின் பிரேக் சர்வோ மேனிஃபோல்டின் வெற்றிடத்தில் இயங்குவதாக இருந்தால், இனி அதே மேனிஃபோல்டில் அழுத்தமும் வரும். சர்வோ குழாயில் ஒருவழி வால்வு நல்ல நிலையில் இருக்கிறதா என்று வாயால் ஊதிப் பாருங்கள். ஐயம் இருந்தால் புதியது போடுங்கள்.

ஆறாம் படி: இக்னிஷன், சோதனை ஓட்டம்

ஸ்பார்க் பிளக் ஒரு படி குளிர்ந்த வகை, இடைவெளி 0.025 அங்குலம். டைமிங்கை, அதாவது பிளக் பொறி விடும் நேரத்தை, ஒரு பிஎஸ்ஐ-க்கு ஒரு டிகிரி வீதம் பின்தள்ளித் தொடங்குங்கள். தீயணைப்பான் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும். முதல் ஓட்டத்துக்கு ரோன் 97 பெட்ரோல் ஊற்றுங்கள். சூடேறியபின் மேனிஃபோல்ட் நெடுக சோப்புத் தண்ணீர் தெளித்துக் கசிவைத் தேடுங்கள். பிறகுதான் சாலை. சுமையில்லாமல் லிந்தாங் சாலை போன்ற அமைதியான பாதையில், ஒருவர் ஓட்ட, மற்றொருவர் பூஸ்ட் கேஜையும் தண்ணீர் சூட்டையும் பார்க்க வேண்டும். தகர டப்பாவில் கூழாங்கல் குலுக்கியதுபோல் எஞ்சினிலிருந்து சத்தம் வந்தால் உடனே காலை எடுத்து, டைமிங்கை இன்னும் இரண்டு டிகிரி பின்தள்ளி, கலவையில் பெட்ரோலைக் கூட்டுங்கள்.

ஏற்றத்தில் ஓட்டிவிட்டு வந்து ஒரு பிளக்கைக் கழற்றுங்கள். பீங்கான் இளம்பழுப்பாக இருந்தால் நல்லது. வெளுத்திருந்தால் பெட்ரோல் போதவில்லை. அந்த நிலையில் மறுபடி ஏற்றத்துக்குப் போகாதீர்கள். முதல் 500 கிலோமீட்டருக்குப் பிறகு ஆயிலை மாற்றி, எஞ்சின் ஆறியபின் ஹெட் போல்ட்டுகளை நடுவிலிருந்து வெளிப்புறமாக மீண்டும் முறுக்கி, பெல்ட்டின் தளர்வையும் பாதுகாப்பு வால்வின் ஸ்பிரிங் தடையின்றி அசைவதையும் சரிபாருங்கள்.