றைபிள் குழலைத் துடைக்கிறம் எண்டு பழுதாக்காதீங்க

நம்மட பக்கம் துவக்கு எண்டாலே ஆக்கள் நினைக்கிறது வேளாண்மைக்குள்ள பன்னி விழாமக் காவல் காக்க வட்டைக்குக் கொண்டு போற பன்னிரண்டு போர் தோட்டாத் துவக்கைத்தான். வாடியில இருந்து அதைத் துடைக்கிறதப் பார்த்துப் பழகின கை, பிறகு .22 றைபிள் ஒண்டு வந்து சேர்ந்தாலும் அதே பழக்கத்தில போகும். கிடைச்ச கம்பியில சீலைத்துணியச் சுத்தி, மண்ணெண்ணெயில தோச்சு, வாய்ப்பக்கத்தால விட்டு நாலு இடி இடிச்சு, கடைசியில கொஞ்சம் தேங்காயெண்ணெய். தோட்டாத் துவக்குக்கு இது பெரிய கேடில்ல. அதுட குழல் உள்ளுக்கு வழுவழுப்பு, போறதும் ஒரு பிடி ஈயக்குண்டு, ரெண்டு அங்குலம் தள்ளிப் போனா யாரு கேக்கப் போறா. றைபிளுக்கு அதே வேலையச் செய்தா குழல் சுட்டுத் தேயிறதுக்கு முதலே துடைச்சுத் தேஞ்சு போகும், அதுவும் .22 எண்டா கேக்கவே வேணாம், அதைச் சுட்டே தேய்க்கிறதுக்கு ஆயிரக்கணக்கில ரவை வேணும், பிழையான கம்பி ஒண்டால அந்த வேலையக் கெதியா முடிச்சுப் போடலாம்.

றைபிள் குழலுக்குள்ள முறுகி ஓடுற வரிதான் சன்னத்தைப் பிடிச்சுச் சுழட்டி விடுறது. .308 மாதிரி பெரிய றைபிள்லயே அந்த வரிட ஆழம் ஏறத்தாழ 0.1 மில்லிமீற்றர்தான், அவ்வளவு மெல்லிசு. இதில ரெண்டு இடம் கவனம். ஒண்டு பின்னால, ரவை இருக்கிற அறை முடிஞ்சு வரி தொடங்குற இடம். அது சூட்டிலதான் தேயும். இதுக்கு நல்ல உதாரணம் ரவைக்குள்ள போடுற கோர்டைட் எண்ட வெடிமருந்து. பிரித்தானியர் 1889 இல கொண்டு வந்த அந்த மருந்தில நைற்றோகிளிசரின் 58 வீதம், சூடு கூடி குழலை அரிக்குது எண்டு 1901 இல அதை 30 வீதமாக் குறைச்சுப் புது மருந்து செய்தாங்க. ஆகவே பின்பக்கம் நீடிக்கணும் எண்டா துடைக்கிறதில ஒண்டும் இல்ல, குழல் கையில பிடிக்க ஏலாத சூட்டில இருக்கக்குள்ள தொடர்ந்து சுடாம ஆற விடுறதுதான் வழி. அடுத்தது முன்னால, குழல்ட வாய் விளிம்பு, கிறவுண் எண்டு சொல்றது. சன்னம் கடைசியாத் தொடுற இடம் அது. அதில ஒரு பக்கம் மட்டும் கொஞ்சம் தேஞ்சாலும் சன்னம் வெளிய வாற நேரம் காஸ் அந்தப் பக்கத்தால முதல்ல கிளம்பி சன்னத்தைச் சரிச்சு விடும், மறுகா நீங்க குறி பார்க்கிற சைற்றைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாலும் வெடி ஒரே இடத்தில விழாது. இந்த விளிம்பைக் கெடுக்கிறது அனேகமா நம்மட கையும் கம்பியும்தான்.

முதல் பிழை வாய்ப்பக்கத்தால றொட், அதாவது துடைக்கிற கம்பி, விடுறது. உள்ள தள்ளக்குள்ள றொட் கொஞ்சம் வளையும், வளைஞ்ச றொட் ஒரே இடத்தில உரசும், ஒவ்வொரு முறையும் அதே விளிம்பில. அறையைப் பின்னால அடைக்கிற போல்ட்டைக் கழட்டுற றைபிள் எண்டா பின்பக்கத்தால மட்டும் விடுங்க, அறைக்குள்ள பொருந்துற போர் கைட் எண்ட பிளாஸ்ரிக் குழாயையும் போட்டா றொட் நடுவில ஓடும், ஊத்தையைக் கரைக்கிற சொல்வென்ற் விசைப் பக்கம் வடிஞ்சு பிசினாகிறதும் நிக்கும். (போல்ட் கழட்டுறதுக்கு முதல் ரவை இல்லையெண்டு கண்ணாலயும் விரலாலயும் பாருங்க, ரவைப் பெட்டி வேற அறையில இருக்கட்டும், இதை நூறு தரம் சொன்னாலும் காணாது.) மூண்டு துண்டாப் பூட்டுற அலுமினியம் றொட் கடையில மலிவு, ஆனா பூட்டு வாற இடத்தில கூர் விளிம்பு இருக்கும், அலுமினியம் மெது எண்டதால மணல் வந்து அதில பதிஞ்சு நிக்கும், அப்ப நீங்க துடைக்கிறது அரத்தால. ஒரே துண்டு றொட் நல்லது. பிளாஸ்ரிக் பூச்சுப் பூசினதிலயும் மணல் பதியும், அதனால எந்த றொட் எண்டாலும் ஒவ்வொரு தள்ளலுக்கும் பிறகு துணியால ஒருக்காத் துடைச்சிட்டு விடுங்க. சோம்பலா இருந்தா இந்த ஒண்டை மட்டுமாவது செய்யுங்க.

பின்னால திறக்காத றைபிள் வச்சிருக்கிற ஆக்கள் கயிறு போட்டு இழுப்பாங்க. அது நல்லதுதான், ஆனா கயிறை ஒரு பக்கம் சரிச்சு இழுத்தா கயிறே வாயில வாய்க்கால் வெட்டும். லீ என்ஃபீல்ட் காலத்துப் படையாக்கள் கயிறு இழுத்த துவக்குகள்ல இந்தத் தேய்மானம் பேர் போனது. நேராக் குழல் போற திசைக்கே இழுங்க. மணல்ல கிடந்த கயிறை அப்பிடியே உள்ள விடாதீங்க, கடற்கரைப் பக்கத்து ஆக்களுக்கு இதைச் சொல்லியே ஆகணும், கல்லாறு, பாசிக்குடா எண்டு எங்க வச்சாலும் மணல்தானே. கழுவிக் காயப்போட்ட கயிறுதான் வேணும்.

பிறஷ் எண்டா வெண்கலம் அல்லது நைலோன். இரும்புக் கம்பி பிறஷ் வேணாம், ஸ்ரெயின்லஸ் எண்டு எழுதியிருந்தாலும் வேணாம். பிறஷ்ஷைக் குழலுக்குள்ள பாதியில திருப்பக் கூடாது, மயிர் மடங்கும், இறுகும், முழுக்க வெளிய வந்த பிறகு திருப்புங்க. வெளிய வந்த பிறஷ்ஷைத் திரும்ப இழுக்கக்குள்ள மெதுவா, நேரா, இல்லாட்டி கழட்டிப் போட்டு வெறும் றொட்டை எடுங்க. துணித்துண்டு எண்டா ஒரு பக்கப் பயணம் மட்டும்தான், ஊத்தையை அள்ளிக்கொண்டு வெளிய விழட்டும், அதைத் திரும்ப உள்ளுக்கு இழுத்து வந்தா என்ன பயன். எமரித் தாள், பித்தளை மினுக்குற பொலிஷ் இதெல்லாம் குழலுக்குள்ள போகவே கூடாது. கண்ணாடி மாதிரி மினுங்கினா சந்தோசம்தான், சுட்டுப் பார்த்தா சந்தோசம் போயிரும்.

இப்ப ஒரு ஏமாத்து வேலை, இதில விழாத ஆக்கள் குறைவு. செப்புறை போட்ட சன்னம் சுடுற றைபிள்ல செப்பு ஒட்டும், அதை எடுக்க அமோனியா சொல்வென்ற் போடுவம், செப்பு கரைஞ்சா துணி நீலமா வரும். துணி நீலம், இன்னும் செப்பு கிடக்கு எண்டு திரும்பப் போடுறது, திரும்ப நீலம், பொழுது சாயுமட்டும் இதே வேலை. துணியைத் தள்ளுற ஜாக் பித்தளை எண்டா, பிறஷ் வெண்கலம் எண்டா, அந்த நீலம் குழல்ல இருந்து வரல்ல, ஜாக்கில இருந்து வருது, பித்தளையும் வெண்கலமும் செப்புக் கலந்ததுதானே. துணியை விரிச்சுப் பாருங்க: ஜாக்ட நுனி பட்ட நடுவில மட்டும் நீலம், வரி உரசின ஓரங்கள் வெள்ளையா இருந்தா குழல் சுத்தம், விடுங்க. சந்தேகம் எண்டா பிளாஸ்ரிக் ஜாக் ஒண்டு வாங்குங்க, பிரச்சினை முடிஞ்சுது. அமோனியா சொல்வென்ற்றை இராத்திரி முழுக்க ஊற விடாதீங்க, போத்தல்ல போட்டிருக்கிற நேரம்தான் கணக்கு, பிறகு எண்ணெய்த் துணியால எடுத்துப் போடுங்க. ரெண்டு கொம்பனி சொல்வென்ற்றைக் கலக்கிப் பரிசோதனையும் வேணாம்.

.22 காரங்களுக்கு இந்தக் கதை அனேகமாத் தேவையில்ல. அதுட சன்னம் அனேகமா செப்புறை இல்லாத ஈயம், மேல மெழுகு பூசியிருக்கும், அந்த மெழுகு குழலுக்குள்ள மெல்லிசாப் படிஞ்சு நிக்கும். ஒவ்வொரு நாளும் சொல்வென்ற் போட்டுக் கழுவினா மெழுகும் போயிரும், அடுத்த நாள் முதல் சில வெடி எங்கயோ போகும், உடன சைற்றைத் திருப்புவாங்க, மெழுகு படிஞ்ச பிறகு குறி திரும்ப மாறும், மறுகா ஒரு தரம் திருப்புறது! வெடி விழுற இடங்கள் விரியத் தொடங்கினா துடைங்க, அதுவரைக்கும் அறையையும் போல்ட்டையும் துடைச்சாக் காணும். அறை முடியிற இடத்தில மட்டும் கரி வளையமா அடிப்பிடிச்ச சட்டி மாதிரி இறுகும், அந்த இடத்தை மட்டும் கொஞ்சம் ஊற வச்சு வெண்கல பிறஷ்ஷால எடுங்க. எயார் றைபிள் எண்டா வெண்கல பிறஷ்ஷும் பெற்றோலிய எண்ணெயும் வேணாம், ஸ்பிறிங் போட்டதில எண்ணெய் காத்தமுக்கத்தில பத்தி வெடிக்கும். காஞ்ச துணியோ ஃபெல்ற் குண்டோ போதும்.

பழைய காலத்து ரவை சுடுற ஆக்கள் ஒண்டு விளங்கிக்கொள்ளணும். ரவையைப் பத்த வைக்கிற பழைய பிறைமர்ல பொட்டாசியம் குளோரேற் இருக்கும், எரிஞ்ச பிறகு உப்பாப் படியும். அந்த உப்பு எண்ணெயில கரையாது, தண்ணியிலதான் கரையும். மேல எண்ணெயைப் பூசி வச்சா உப்பு கீழ இருந்து ஈரத்தை இழுத்துத் துருவாக்கும், நம்மட வாவிக் காத்துக்கு இது நாள் கணக்கெல்லாம் பார்க்காது. அதுக்குத்தான் அந்தக் காலத்தில .303 குழலுக்குக் கொதிதண்ணி ஊத்தினது. ஊத்தி, நல்லாக் காய வச்சு, பிறகுதான் எண்ணெய்.

எண்ணெய் எண்டா துவக்கு எண்ணெய். மண்ணெண்ணெய் ஊத்தையை இளக்கும், துருவைத் தடுக்காது. தேங்காயெண்ணெய் நாள் போக ஊசிப் பிசுபிசுக்கும். மார்கழி வாடைக்காத்து மழைக்குள்ள துவக்கை உறைக்குள்ள போட்டு மூடி வைக்காதீங்க, உறை ஈரத்தைப் பிடிச்சு வச்சிருக்கும், வெளிய எடுத்து, வாய் கீழ பார்க்கச் சாத்தி, பூட்டு உள்ள அலுமாரியில வையுங்க. வாய் மேல பார்த்தா எண்ணெய் வடிஞ்சு மரப்பிடிக்குள்ள இறங்கும்.

திரும்ப எடுக்கக்குள்ள குழல்ல எண்ணெய் இருக்கும், அதோட சுடாதீங்க, காஞ்ச துணி ஒண்டு விட்டு எடுத்திட்டு ரவை போடுங்க. அதுக்கு முதல் போல்ட்டைக் கழட்டிப் பின்னால இருந்து வெளிச்சத்தைப் பாருங்க. வாடியில தொங்கின துவக்கு எண்டா கட்டாயம் பாருங்க, குளவி ஓட்டை கண்ட இடத்தில மண் வச்சு அடைக்கும், அடைச்ச குழலால சுட்டா குழல் வீங்கும், இல்லாட்டி வெடிக்கும். வட்டமா வெளிச்சம் தெரியாட்டி அண்டைக்கு அந்தத் துவக்கால சுடாதீங்க. மண்ணைச் சுட்டு வெளிய தள்ளிப் போடலாம் எண்டு சொல்ற ஆக்களும் இருக்கிறாங்க, அவங்களுக்குப் பக்கத்தில நிக்காதீங்க.