நோவாவின் பிரளயம் அப்படியே நடந்ததா? கைகலப்பில்லாமல் விவாதிக்க ஒரு வழி

பகலில் பள்ளியில் இயற்பியல் எடுக்கிறேன். சனிக்கிழமை சாயங்காலம் எங்கள் சபை வாலிபர் கூட்டத்தில் வேதப்பாடம். முதல் தடவை இந்தக் கேள்வியை எடுத்தபோது அரை மணி நேரத்தில் ஒரு பையன் பைபிளை மூடிவிட்டு எழுந்து போனான். இரண்டு மாதம் வரவில்லை. தப்பு என்னுடையதுதான். மூன்று கேள்விகளை ஒன்றாகக் குழைத்து அவன் முன்னால் வைத்துவிட்டேன்.

அதனால் இப்போது முதல் வேலையாக மூன்றையும் பிரித்துக் கரும்பலகையில் எழுதிவிடுகிறேன். பெருவெள்ளம் ஒன்று வந்ததா? அது பூமி உருண்டை முழுவதையும் மூடியதா? வேதம் நம்பத் தகுந்ததா? இன்றைக்கு நடுக் கேள்வி மட்டும்தான் என்று சொல்லி மற்ற இரண்டையும் கட்டம் போட்டு ஒதுக்குங்கள். யாராவது மூன்றாவதுக்குத் தாவினால் பலகையைக் காட்டினால் போதும்.

அப்புறம் வாசிப்பு. வேதாகமத்தின் முதல் புத்தகமான ஆதியாகமத்தில் நோவாவின் கதை வரும் 6 முதல் 8 வரையான அதிகாரங்களை, ஆளுக்கு ஒரு வசனமாகச் சத்தமாக வாசிக்க வேண்டும். நம்மில் பலருக்குத் தெரிந்தது ஞாயிறு பள்ளிப் படம்தான், வசனம் அல்ல. கையில் இரண்டு கலர் பென்சில் கொடுங்கள். ‘தேவன்’ என்று வரும் இடத்துக்கு ஒன்று, ‘கர்த்தர்’ என்று வரும் இடத்துக்கு மற்றொன்று. தேவன் பேசும் 6:19-ல் ஒவ்வொரு வகையிலும் ஒரு ஜோடி. கர்த்தர் பேசும் 7:2-ல் சுத்தமான மிருகங்களில் ஏழு ஏழு ஜோடி. 7:16-ல் ஒரே வசனத்துக்குள் இரண்டு கலரும் விழும். இரண்டு பழைய மரபுகள் பின்னப்பட்டிருக்கின்றன என்று பல வேத அறிஞர்கள் சொல்வது இதை வைத்துத்தான். முதலில் பொதுக் கட்டளை, பிறகு விவரம் என்பது எழுத்தின்படி நம்புகிறவர்களின் பதில். அதையும் பலகையில் எழுதுங்கள். அது சாதாரண பதில் இல்லை.

நோவா கட்டிய கப்பலான பேழையைக் கயிற்றால் அளந்து காட்டுவது எனக்குப் பிடித்த பகுதி. முழத்துக்கு 45 செ.மீ. என்று வைத்தால் 300 முழம் என்பது 135 மீட்டர். 45 மீட்டர் தேங்காய்நார்க் கயிற்றை மூன்று தடவை நீட்டினோம். ஆலய வாசற்படியில் ஆரம்பித்து, வேப்பமரம் தாண்டி, கேட்டைத் தாண்டித் தெருவுக்கே போய்விட்டது. பிள்ளைகள் வாயடைத்து நின்றார்கள். இவ்வளவு பெரிய மரக்கலம் அலையில் வளையாமல் தாங்குமா, எட்டுப் பேரால் அத்தனை உயிர்களுக்கும் தீனி போட முடியுமா என்று அவர்களே கேட்க ஆரம்பித்தார்கள். நான் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

‘பூமி’ என்ற சொல்லுக்கு நேரம் ஒதுக்குங்கள். எபிரெயத்தில் அது ‘ஏரெட்ஸ்’. யோசேப்பு காலத்துப் பஞ்சத்தைச் சொல்லும் 41:57-லும் அதே சொல்தான், அங்கே நம் தமிழ் வேதாகமம் ‘தேசங்கள்’ என்கிறது. அப்படியானால் நோவாவின் வெள்ளமும் ஒரு தேசத்து வெள்ளமாக இருக்கலாமே? இருக்கலாம். ஆனால் 7:19 வானத்தின்கீழ் எங்குமுள்ள உயர்ந்த மலைகளெல்லாம் மூடப்பட்டன என்கிறது. வட்டார வெள்ளம் என்பவர்கள் இந்த வசனத்துக்குப் பதில் சொல்லியாக வேண்டும்.

அறிவியல் பக்கம் வரும்போது சில எண்கள் போதும். எவரெஸ்ட் 8,849 மீட்டர். உலகத்துப் பனியெல்லாம் உருகினாலும் கடல் ஏறுவது சுமார் 70 மீட்டர்தான். அண்டார்டிகாவில் 8 லட்சம் ஆண்டுப் பனி அடுக்கடுக்காகக் கிடக்கிறது. நடுவில் உலகமே மூழ்கிய தடயம் அதில் இல்லை. ‘இமயமலையில் கடல் சிப்பி கிடைக்கிறதே?’ என்று கண்டிப்பாக ஒருவர் கேட்பார். நேபாளத்துக் கண்டகி நதியில் எடுக்கும் சாளக்கிராமத்தைச் சொல்லுங்கள். அது கடல்வாழ் உயிரின் புதைபடிவம். அங்கே தண்ணீர் மலையேறவில்லை. இந்திய நிலத்தட்டு ஆசியாவில் மோதியபோது கடலடி மேலே வந்தது.

1872-ல் பிரிட்டிஷ் அறிஞர் ஜார்ஜ் ஸ்மித் லண்டனில் படித்த பழைய நினிவே நகரத்துக் களிமண் பலகை இரண்டு பக்கத்துக்கும் உதவும். அதில் இருப்பது மெசொப்பொத்தாமியாவின் பழைய காவியமான கில்காமேஷ் கதையின் வெள்ளப் பகுதி. அதிலும் படகு உண்டு, மலையில் தங்குவது உண்டு, புறாவும் காகமும் பறக்கவிடப்படுகின்றன. ஒரே சம்பவத்தின் நினைவு என்று ஒரு பக்கம் சொல்லும், பழைய கதையை இஸ்ரவேலர் தங்கள் விசுவாசத்தில் திருப்பிச் சொன்னது என்று மறு பக்கம் சொல்லும். 1929-ல் மெசொப்பொத்தாமியாவின் ‘ஊர்’ (Ur) என்ற பழைய நகரத்தில் தொல்லியலாளர் உல்லி தோண்டியெடுத்த வண்டல் படிவை மட்டும் ஆதாரமாக வைக்காதீர்கள். அது அதே நாட்டின் இன்னொரு பழைய நகரமான சூருப்பாக்கில் கிடைத்த வெள்ளப் படிவைவிடப் பல நூறு ஆண்டு மூத்தது. இரண்டும் ஒரே வெள்ளம் இல்லை.

இயேசுவே நோவாவின் நாட்களைச் சொன்னார் என்ற வாதத்தைத் தட்டிக்கழிக்காதீர்கள். மத்தேயு 24:37-39-ஐ நிதானமாக வாசியுங்கள். புசித்துக் குடித்து உணராதிருந்த ஜனங்களைப் பற்றித்தான் அங்கே பேச்சு. தண்ணீர் எவ்வளவு தூரம் பரவியது என்பது அங்கே கேள்வியே இல்லை. எனக்கு இது போதுமான பதில். போதாது என்பவர்களை நான் வற்புறுத்துவதில்லை.

குருவானவரும் கேம்பிரிட்ஜ் நிலவியல் பேராசிரியருமான ஆடம் செட்ஜ்விக்கின் கதையைக் கடைசியில் சொல்வேன். சரளைப் படிவுகளெல்லாம் ஒரே பிரளயத்தின் அடையாளம் என்று போதித்தவர், 1831-ல் லண்டன் நிலவியல் சங்கத் தலைவராக எழுந்து நின்று அதைத் திரும்பப் பெற்றார். அதன்பிறகும் குருவானவராகவே இருந்தார்.

முடிக்க 10 நிமிடம் இருக்கும்போது வெற்றுத் தாள் கொடுங்கள். எதிர்ப்பக்கம் சொன்னதில் எதற்குத் தன்னிடம் பதில் இல்லையோ, அதை ஒவ்வொருவரும் பெயர் போடாமல் எழுதட்டும். அடுத்த சனிக்கிழமை அந்தத் தாள்களை வாசித்துத்தான் வகுப்பை ஆரம்பிக்கிறேன். எழுந்து போன பையன்தான் இப்போது அவற்றைச் சேகரித்துக் கொண்டு வருகிறான்.