பல்லி இல்லாத சுவரில் ‘டிக் டிக்’: எலக்ட்ரோஸ்டாட்டிக் ஸ்பீக்கரில் மெல்லிய சத்தம் கேட்டால் செய்யக் கூடாதவை

ஐப்பசி அடைமழை. இரவு பத்தரை மணி இருக்கும். பாட்டு முடிந்து, ஆம்ப்ளிஃபையரை அணைக்காமல் உட்கார்ந்திருந்தேன். இடது பக்க ஸ்பீக்கரிலிருந்து ‘டிக்’ என்று ஒரு சத்தம். பத்து விநாடி ஒன்றுமில்லை. மறுபடியும் ‘டிக்’. “ஏங்க, பல்லி சொல்லுது” என்றாள் மனைவி. சுவர் முழுக்கப் பார்த்தேன், பல்லி இல்லை. பேனல் போய்விட்டது என்று நானே முடிவு கட்டி, அப்போதே பின்பக்கத்தைக் கழற்ற உட்கார்ந்தேன். பத்து நிமிடத்தில் ஸ்க்ரூடிரைவர் முனை பட்டு, பேனலை மூடியிருந்த மெல்லிய பிளாஸ்டிக் தூசு மறைப்புத் தாள் ஒரு சாண் நீளத்துக்குக் கிழிந்தது. சத்தம் என்னவோ, மழை விட்டு நல்ல வெயில் அடித்த மூன்றாம் நாள் தானாகவே நின்றுபோனது.

இந்த வகை ஸ்பீக்கரை மெல்லிய சத்தம் கெடுத்ததைவிட, அந்தச் சத்தத்தைத் துரத்திக்கொண்டு போன கைகள் கெடுத்ததுதான் அதிகம் என்பது என் அனுபவம். என் கையையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

சாதாரண ஸ்பீக்கரில் காந்தமும் சுருளும் கூம்பை ஆட்டுகின்றன. எலக்ட்ரோஸ்டாட்டிக்கில் காந்தமே கிடையாது. தலைமுடியைவிடப் பல மடங்கு மெல்லிய ஒரு மைலார் பிளாஸ்டிக் படலம், துளையிட்ட இரண்டு தகடுகளுக்கு நடுவே இழுத்துக் கட்டப்பட்டிருக்கும். இந்த அமைப்புதான் பேனல். படலத்துக்கும் தகட்டுக்கும் இடைவெளி ஒன்றிலிருந்து மூன்று மில்லிமீட்டர்தான். படலத்தில் ஆயிரக்கணக்கான வோல்ட் மின்னேற்றம் நிற்கும். ஆம்ப்பிலிருந்து வரும் சிக்னலை ஒரு டிரான்ஸ்ஃபார்மர் பெரிதாக்கித் தகடுகளுக்குக் கொடுக்க, படலம் முன்னும் பின்னும் அசையும். பீட்டர் வாக்கர் வடிவமைத்து 1957-ல் இங்கிலாந்தில் குவாட் என்ற பெயரில் விற்பனைக்கு வந்த இஎஸ்எல் மாடலில், பேஸ் பேனல்களுக்கு 6,000 வோல்ட், உச்ச ஒலிப் பேனலுக்கு 1,500 வோல்ட். 1981-ல் வந்த இஎஸ்எல்-63-ல் 5,250 வோல்ட். வீட்டு பிளக்கிலிருந்து வரும் மின்சாரத்தை டயோடும் கெப்பாசிட்டரும் படிப்படியாக ஏற்றி இந்த அழுத்தத்தை உண்டாக்குகின்றன. ஓடும் கரன்ட் மிக மிகக் குறைவு. ஈரமும் தூசும் சின்னதாக ஒரு கசிவு வழி போட்டுக் கொடுத்தாலே போதும், சத்தமாக வந்து நிற்கும்.

முதல் தவறு: எங்கிருந்து வருகிறது என்று பார்க்காமலே ஸ்பீக்கர் மேல் பழி போடுவது. பாட்டை நிறுத்திவிட்டு வால்யூமைக் கூட்டிக் குறைத்துப் பாருங்கள். சத்தம் கூடவே ஏறி இறங்கினால், கோளாறு வால்யூம் குமிழுக்கு முன்னால் இருக்கிறது. டிஏசி (டிஜிட்டல் பாட்டை ஒலி சிக்னலாக மாற்றும் பெட்டி), போனோ (இசைத்தட்டு சிக்னலைப் பெரிதாக்கும் பகுதி), நடுவில் உள்ள ஒயர் இவற்றில் ஏதோ ஒன்று. ஏறாமல் இறங்காமல் இருந்தால் குமிழுக்குப் பின்னால். அடுத்து எல்லாவற்றையும் அணைத்துவிட்டு ஸ்பீக்கர் ஒயரைக் கழற்றுங்கள். ஸ்பீக்கர் பக்கத்து இரண்டு முனைகளையும் ஒரு துண்டு ஒயரால் இணைத்து, அதன் மின் பிளக்கை மட்டும் போட்டு ஆன் செய்யுங்கள். ஆம்ப்பின் ஒயர் அந்த முனைகளில் ஒட்டிக்கொண்டிருக்கவே கூடாது. இருந்தால் ஆம்ப் ஷார்ட் ஆகிவிடும். வால்வ் ஆம்ப் வைத்திருப்பவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். லோட் இல்லாமல் அதில் பாட்டு ஓட்டினால் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் போய்விடும்.

இப்போதும் சத்தம் கேட்டால் ஸ்பீக்கரில்தான். மின் பிளக்கைப் பிடுங்கிச் சில மணி நேரம் ஆன பிறகும் கேட்டால், அது ஸ்பீக்கரும் இல்லை. ஃபிரிட்ஜ், இன்வெர்ட்டர், அல்லது மனைவி சொன்ன பல்லி.

பலர் தவறவிடும் ஒன்று: பழைய கச்சேரி ஒலிநாடாவிலிருந்து ஏற்றிய பதிவுகளில் ஹம் (‘ம்ம்ம்’ என்ற இரைச்சல்) பதிவிலேயே இருக்கும். பாட்டு ஓடும்போது தெரியாது. பாடகர் மூச்சு விடும் இடத்தில் தலை காட்டும். பாட்டைத் தற்காலிகமாக நிறுத்தும் ‘பாஸ்’ (pause) பொத்தானை அழுத்தினால் போய்விடுகிறதென்றால் திருத்த ஒன்றுமில்லை.

எர்த் பின்னை வெட்டுவது

மெதுவாக ‘ம்ம்ம்’ என்று ஒரு ஹம். ஸ்பீக்கர் ஒயரைக் கழற்றினால் நின்றுவிடுகிறது. இதற்கு ரொம்ப நாளாகவே ஒரு நாட்டு வைத்தியம் உண்டு: மூன்று பின் பிளக்கில் எர்த் பின்னைத் தூக்கிவிடுவது, அல்லது இரண்டு பின் அடாப்டரில் செருகுவது. ஹம் நின்றுவிடும், அதுதான் ஆபத்து. உள்ளே ஒரு ஒயர் இன்சுலேஷன் போய்ப் பெட்டியைத் தொட்டால், எர்த் வழியாக ஓடிவிட வேண்டிய கரன்ட் அந்தப் பெட்டியைத் தொடுகிறவர் வழியாக ஓடும். மற்ற தவறுகளில் ஸ்பீக்கர் கெடும். இதில் ஆளே போய்விடலாம்.

இந்த ஹம்முக்குக் காரணம் எர்த் லூப், அதாவது கருவிகள் வெவ்வேறு இடங்களில் எர்த் ஆகி அவற்றுக்கு இடையே கரன்ட் சுற்றுவது என்றால், பெரும்பாலும் கேபிள் டிவி ஒயர்தான் குற்றவாளி. செட்-டாப் பாக்ஸின் வட்ட ஒயரை ஒரு நிமிடம் கழற்றிப் பாருங்கள். ஹம் நின்றால் அந்த ஒயருக்கு, எர்த் தொடர்பை மட்டும் துண்டிக்கும் ஐசொலேட்டர் ஒன்று போட்டால் முடிந்தது. ஆம்ப், டிஏசி எல்லாவற்றையும் ஒரே ஸ்விட்ச் போர்டில் எடுத்தாலே பாதி வீடுகளில் சரியாகிவிடும். ஹம்முக்கு பதிலாக ‘ர்ர்ர்’ என்று கரகரப்பாக வந்தால் ஃபேன் ரெகுலேட்டரைத் திருகிப் பாருங்கள். எலக்ட்ரானிக் ரெகுலேட்டர் நடு வேகத்தில் ஆடியோவுக்குள் நன்றாகவே நுழையும். முழு வேகத்தில் வைத்ததும் கரகரப்பு போனால், விசாரணை முடிந்தது.

ஸ்பீக்கரின் சொந்தச் சத்தங்கள்

ஒயரைக் கழற்றியும் சத்தம் நிற்கவில்லை என்றால் காது கொடுத்துக் கேட்க வேண்டிய கட்டம் வருகிறது. இதற்கு என் கருவி ஒரு மீட்டர் பிவிசி குழாய். ஒரு முனை காதில். மறு முனையைப் பேனலின் முன் வலைக்குச் சற்றுத் தள்ளிப் பிடித்து, கீழிருந்து மேலாக மெல்ல நகர்த்த வேண்டும். மெக்கானிக் இன்ஜினில் ஸ்க்ரூடிரைவர் வைத்துக் கேட்பதுபோல் இங்கே எந்த உலோகத்தையும் வைத்துக் கேட்காதீர்கள். அப்புறம் விளக்கையெல்லாம் அணைத்து, கண் இருட்டுக்குப் பழகப் பத்து நிமிடம் காத்திருங்கள். ‘உஸ்ஸ்’ என்ற சத்தம் வரும் இடத்தில் சில சமயம் நீலமாக ஒரு புள்ளி தெரியும். ஜெராக்ஸ் கடை வாசனையும் லேசாக அடித்தால், உயர் மின்னழுத்தம் காற்றில் கசிகிறது என்று அர்த்தம்.

‘டிக்’ வேறு கதை. தூசும் ஈரமும் சேர்ந்த இடத்தில் மின்னேற்றம் கொஞ்சம் கொஞ்சமாகக் கூடி, ஒரு கட்டத்தில் பொறியாகத் தாவிவிடும். பிறகு பெரிய ரெசிஸ்டர் வழியாக மெல்ல மறுபடி ஏற வேண்டும். அதனால்தான் அந்த இடைவெளி கடிகாரம் மாதிரி இருக்கிறது. இந்தக் கணக்கைப் பயன்படுத்திக்கொள்ளுங்கள்: நிமிடத்துக்கு எத்தனை டிக் என்று எண்ணி, தேதி போட்டு எழுதி வையுங்கள். அறையில் ஏசி போட்டு இரண்டு மணி நேரம் கழித்து மறுபடி எண்ணுங்கள். எண்ணிக்கை இறங்கினால் வில்லன் ஈரம். ஏறிக்கொண்டே போனால் ரிப்பேர்க்காரரைக் கூப்பிட வேண்டியதுதான்.

மழைக்காலத்தில் ஆன் செய்த முதல் பத்து நிமிடம் லேசாகப் பொரிவதை வைத்துத் தீர்ப்புச் சொல்வதும் தவறு. படலம் முழுதாக மின்னேற்றம் அடைய நேரம் எடுக்கும். ஒரு பக்கம் சத்தம் குறைவாக இருக்கிறது என்று பதறுகிறவர்களும், ஒரு இரவு முழுக்க பிளக்கில் விட்டுவிட்டு மறுநாள் கேட்பது நல்லது.

இன்னொரு பழக்கம், சத்தம் வந்ததும் வால்யூமைத் தூக்கி ‘க்ளியர் ஆகிறதா’ என்று பார்ப்பது. பழைய ரேடியோவைத் தட்டிப் பார்த்த கை அது. இங்கே பொறி தாவும் ஒவ்வொரு முறையும் அந்த வழி கொஞ்சம் கரியாகும். கரி மின்சாரத்தைக் கடத்தும். அடுத்த பொறிக்குச் சாலை போட்டுக் கொடுத்தது போல. படலத்தில் ஊசித் துளையும் விழலாம்.

சுத்தம் செய்கிறேன் பேர்வழி

தூசியை இந்த ஸ்பீக்கர் கூப்பிட்டு வைத்துக்கொள்ளும். மின்னேற்றம் பெற்ற படலத்துக்குப் புகையும் தூசும் தானாக வந்து ஒட்டும். அனல் மின் நிலையங்களில் சாம்பலைப் பிடிப்பதற்கே இந்தக் குணத்தைத்தான் பயன்படுத்துகிறார்கள். வெள்ளிக்கிழமை சாம்பிராணி, தினமும் ஊதுபத்தி, சமையலறைத் தாளிப்பு என்று எல்லாப் புகையிலும் நுண்துகள் உண்டு. சாமி அறையும் ஸ்பீக்கரும் ஒரே அறையில் இருந்தால் ஏதாவது ஒன்றை நகர்த்துங்கள். ஸ்பீக்கரை நகர்த்துவது வீட்டு அமைதிக்கு நல்லது.

சுத்தம் செய்யும் முறை எல்லா மாடலுக்கும் ஒன்றல்ல. மார்ட்டின் லோகன் போன்ற கம்பெனிகளின் ஸ்பீக்கர்களில் பேனல் வெளியே திறந்திருக்கும். பிளக்கைப் பிடுங்கி நீண்ட நேரம் விட்டுவிட்டு, மென் தூரிகை மாட்டிய வேக்குவம் கிளீனரால் உறிஞ்சலாம். பழைய குவாட்டில் முன்னும் பின்னும் மெல்லிய தூசு மறைப்புத் தாள் இருக்கிறது. அதன் அருகே வேக்குவம் கொண்டுபோனால் தாள் உறிஞ்சப்பட்டுக் கிழியும். உங்களுடையது எது என்று தெரியாமல் யாரோ ஒருவர் வீடியோவில் செய்ததைச் செய்யாதீர்கள்.

ஹேர் டிரையரும் அப்படித்தான் வந்து சேர்ந்தது. தளர்ந்த தூசு மறைப்புத் தாளைச் சூடு காட்டிச் சுருக்கி இறுக்குவது உண்மையான ரிப்பேர் முறை. அதைப் பார்த்துவிட்டு ஈரம் காய வைக்கிறேன் என்று ஒலிக்கும் படலத்திலேயே சூட்டைக் காட்டினால், அதன் இழுவிசை இடத்துக்கு இடம் மாறிவிடும். அப்புறம் அது பழைய குரலில் பேசாது. துரு நீக்கும் ஸ்ப்ரே, கான்டாக்ட் கிளீனர், ஈரத்துணி எதுவும் பேனல் பக்கமே போகக் கூடாது. எண்ணெய்ப் பசை இருந்தால் தூசு முன்னைவிட வேகமாக ஒட்டும்.

மீட்டர் சொல்லும் பொய்

ஓரளவு எலக்ட்ரானிக்ஸ் தெரிந்தவர்கள் விழும் குழி இது. பின்பக்கத்தைத் திறந்து, மல்டிமீட்டரை உயர் மின்னழுத்த முனையில் வைக்கிறார்கள். சாதாரண மல்டிமீட்டர் 600 அல்லது 1,000 வோல்ட் வரைதான் தாங்கும். உயர் மின்னழுத்தத்துக்கான தனி புரோப் (அளவிடும் முனை) இல்லாமல் 5,000 வோல்ட்டில் வைத்தால் மீட்டர் போகும், கையும் சுடும். மீட்டர் தப்பித்தாலும் எண் பொய்யாக இருக்கும். மீட்டரின் உள் தடை வழக்கமாக 10 மெகாஓம். படலத்துக்குப் போகும் வழியிலோ பல பத்து, சில மாடல்களில் பல நூறு மெகாஓம் ரெசிஸ்டர் இருக்கிறது. மீட்டரை வைத்த மாத்திரத்தில் அழுத்தம் அதன் வழியாகவே இறங்கிவிடும். ‘வோல்ட்டேஜ் வரவில்லை’ என்று நல்ல போர்டைத் தூக்கிப் போட்டுவிட்டு, புதிது வாங்கி மாட்டி, அதிலும் அதே எண்ணைப் பார்த்து விழித்தவரை எனக்குத் தெரியும்.

இதோடு ஒட்டியது, பிளக்கைப் பிடுங்கியதும் கை வைப்பது. கெப்பாசிட்டர்களில் மின்னேற்றம் தங்கியிருக்கும். ஒரு இரவு விட்டு வைத்தாலும், அது இறங்கிவிட்டதா என்று சோதித்து முறையாக எர்த்துக்கு இறக்கத் தெரிந்தவர்தான் உள்ளே கை வைக்க வேண்டும். மழை இரவில் நான் தப்பித்தது திறமையால் இல்லை. தாள் கிழிந்ததில் மனம் உடைந்து, அதற்கு மேல் கழற்றாமல் விட்டேன், அவ்வளவுதான்.

கடைசியாக, அதிர்வுச் சத்தம். மிருதங்கத்தின் தொப்பியில் ‘தொம்’ விழும்போது மட்டும் ‘படபட’ என்று ஏதோ அடித்துக்கொள்கிறதென்றால், தளர்ந்த தூசுத் தாளாக இருக்கலாம். ஆனால் அதற்கு முன்னால் ஷோகேஸில் உள்ள எவர்சில்வர் டம்ளர், ஜன்னல் கண்ணாடி, சாமி படத்தின் ஃபிரேம் என்று ஒவ்வொன்றிலும் விரலை வைத்துப் பாருங்கள். விரல் வைத்ததும் நின்றால் கண்டுபிடித்தாயிற்று. என் நண்பர் வீட்டில் ஒரு மாதம் தேடிய சத்தம், ஸ்விட்ச் போர்டின் தளர்ந்த மூடியில் இருந்தது.

எனக்கு அந்த இடது ஸ்பீக்கர் அடுத்த ஐப்பசியிலும் டிக் என்றது. இந்த முறை ஸ்க்ரூடிரைவர் டிராயரிலேயே கிடந்தது. நிமிடத்துக்கு ஆறு, ஏசி போட்டு ஒரு மணி நேரத்தில் இரண்டு. குழாயால் தேடியதில் கீழ்மூலையில், உயர் மின்னழுத்த ஒயர் பேனலுக்குள் நுழையும் இடத்தில் பலமாகக் கேட்டது. நோட்டில் எழுதியதை ரிப்பேர்க்காரரிடம் நீட்டினேன். அவர் அந்த ஒரு மூலையை மட்டும் திறந்து, ஒயர் மேல் படிந்திருந்த தூசியைத் துடைத்து, வெடித்திருந்த இன்சுலேஷனை மாற்றினார். மூடும்போது, கிழிந்து டேப் ஒட்டியிருந்த தாளைத் தடவிப் பார்த்துவிட்டு, “இது யார் சார் பண்ணது?” என்றார்.