அப்ரண்டிஸ் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும் முன்

முதன்முதலாக நான் அப்ரண்டிஸாக, அதாவது தொழில் பழகுநராக, சேர்ந்த இடத்தில் எனக்குக் கிடைத்த வேலை பிசிறு எடுப்பது. உலோகத்தைக் கடையும் லேத் மெஷினிலிருந்து இறங்கும் ஜாபின், அதாவது கடைந்த பாகத்தின், ஓரத்தில் கூராக நீட்டிக்கொண்டிருக்கும் பிசிறை அரத்தால் தேய்த்து எடுத்துப் பெட்டியில் அடுக்க வேண்டும். கற்க வேண்டிய வேலைதான், ஒரு வாரம் போதும். நான் ஏழு மாதம் செய்தேன். தாளில் டர்னர் (லேத்தில் கடைபவர்) பயிற்சி என்று இருந்தது. அந்த ஏழு மாதத்தில் லேத்தை நான் தொட்டது அதைத் துடைக்கும்போது மட்டும்தான்.

இரண்டாவது இடத்தில் முதல் நாளே ஒரு மூத்த டர்னரின் பக்கத்தில் என்னை நிறுத்தினார்கள். மூன்றாம் வாரம் ஜாபின் முனையைச் சமமாகச் சீவும் ஃபேஸிங், அப்புறம் விட்டத்தைப் படிப்படியாகக் குறைக்கும் ஸ்டெப் டர்னிங். நான் கெடுத்த ஜாபை அவர் ஸ்கிராப்பில் போட விடமாட்டார். மைக்ரோமீட்டரைக் கையில் கொடுத்து, எங்கே எவ்வளவு அதிகமாகச் சீவினேன் என்று என்னையே சொல்ல வைப்பார். அந்த இடத்தில்தான் நான் தொழிலாளி ஆனேன். பிறகு பதினெட்டு வருஷம் நானே பழகுநர்களுக்குச் சொல்லிக்கொடுத்தேன்.

இரண்டு இடத்திலும் உதவித்தொகை ஏறக்குறைய ஒன்றுதான், வேலை நேரமும் ஒன்றுதான். ஒரே வித்தியாசம், இரண்டாவது இடத்தில் எனக்குக் கற்றுத்தருவது ஒருவருடைய பொறுப்பாக இருந்தது. அதனால் சேரப்போகும் பிள்ளைகள் என்னிடம் வந்தால் முதலில் இதைத்தான் கேட்கச் சொல்வேன்: எனக்குக் கற்றுத்தரப்போவது யார், அவரை நான் பார்க்கலாமா?

நேர்முகத்தில் இதைத் தயங்காமல் கேளுங்கள். பெயர் சொல்லி ஆளைக் கூப்பிட்டுக் காட்டினால் நல்லது. "எல்லாரும் சொல்லித்தருவாங்க" என்று பதில் வந்தால், யாருக்கும் அந்தப் பொறுப்பு இல்லை என்று எடுத்துக்கொள்ளலாம். ஆளைப் பார்த்துவிட்டால் அவரிடம் இன்னும் இரண்டு கேள்வி. அவருக்குக் கீழே இப்போது எத்தனை பழகுநர்கள்? கற்றுத்தரும் நாளில் அவருடைய உற்பத்தி இலக்கைக் குறைக்கிறார்களா? இரண்டாவது கேள்வியைப் பெரும்பாலும் யாரும் கேட்பதில்லை. ஆனால் ஷிஃப்டுக்கு நூறு ஜாப் எடுத்தே ஆக வேண்டும் என்றால், எவ்வளவு நல்ல மனுஷனும் உங்களுக்காக மெஷினை நிறுத்த மாட்டார். நானே அப்படி நிறுத்த முடியாமல் போன நாட்கள் உண்டு. அந்த நாட்களில் என் பக்கத்தில் நின்ற பையனுக்கு நான் ஒன்றும் கற்றுத்தரவில்லை.

இந்த விஷயத்தில் ஜெர்மனியின் அனுபவத்தைத் தெரிந்துகொள்வது நல்லது. அங்கே பழகுநருக்குக் கற்றுத்தருபவர் தனித் தேர்வு எழுதித் தகுதியைக் காட்ட வேண்டும் என்று விதி. பயிற்சி இடங்கள் குறைந்தபோது, நிறுவனங்கள் தயங்காமல் ஆள் எடுக்கட்டும் என்று 2003இல் அரசு அந்த விதியை நிறுத்தி வைத்தது. அதன் பிறகு பயிற்சியின் தரம் பற்றிப் புகார்கள் எழுந்தன, 2009இல் விதியைத் திரும்பக் கொண்டுவந்தார்கள். இடங்களைக் கூட்டுவதற்காக அரசு முதலில் தளர்த்தியது கற்றுத்தருபவரின் தகுதியை. இடத்தை எண்ணிவிடலாம், கற்றுத்தருவதை எண்ணுவது கஷ்டம். எந்த நாட்டு அரசுக்கும் இந்த ஆசை வரும், அதனால்தான் நீங்கள் நேரில் பார்த்துக்கொள்ள வேண்டும் என்கிறேன். சுவிட்சர்லாந்தில் நிறுவனத்தின் பயிற்றுநருக்கு நாற்பது மணி நேர வகுப்பு இருக்கிறது. உங்கள் நாட்டில் இப்படி ஏதாவது விதி இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அதற்கான சான்றைக் கேட்டுப் பாருங்கள்.

சரி, இடத்தை எப்படித் தேடுவது? விளம்பரத்துக்காகக் காத்திருக்காதீர்கள். பல நாடுகளில் பெரிய நிறுவனங்கள் பழகுநர்களை எடுத்தே ஆக வேண்டும், அல்லது அதற்காகப் பணம் கட்ட வேண்டும். இந்தியாவில் 1961ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் வந்த 2019 விதிகளின்படி, முப்பது பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனம் தன் ஆள்பலத்தில் 2.5 முதல் 15 சதவீதம் வரை பழகுநர்களை வைத்திருக்க வேண்டும். பிரிட்டனில் 2017 முதல், ஆண்டுச் சம்பளச் செலவு முப்பது லட்சம் பவுண்டைத் தாண்டும் நிறுவனங்கள் 0.5 சதவீத வரி கட்டுகின்றன. அந்தப் பணத்தில் ஏற்கெனவே வேலையில் இருப்பவர்களுக்குப் பயிற்சி கொடுக்கவும் வழி இருக்கிறது, புதிதாக வரும் இளைஞருக்கே எல்லாம் போவதில்லை. சட்டம் எடுக்கச் சொல்லும் நிறுவனங்கள் எவை என்று தெரிந்துகொண்டு நேராகப் போய் விண்ணப்பியுங்கள்.

அடுத்தது ஒப்பந்தம். அதை வீட்டுக்கு எடுத்துப்போய் ஒரு நாள் வைத்துப் படியுங்கள். அங்கேயே உட்கார்ந்து கையெழுத்துப் போடச் சொன்னால் ஒரு நாள் அவகாசம் கேளுங்கள். படிக்கும்போது ஒப்பிட்டுப் பார்க்க நல்ல அளவுகோல் ஒன்று இருக்கிறது. சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 2023 ஜூனில் தரமான தொழிற்பழகுநர் பயிற்சி பற்றி 208ஆம் எண் பரிந்துரையை ஏற்றது. பரிந்துரை என்பதால் எந்த நாட்டையும் சட்டப்படி கட்டாது. ஆனால் நல்ல பயிற்சி எப்படி இருக்க வேண்டும் என்று அதில் தெளிவாக இருக்கிறது: எழுத்தில் ஒப்பந்தம், பயிற்சிக் காலத்தில் ஊதியமோ உதவித்தொகையோ, வேலையிடத்திலும் அதற்கு வெளியிலும் கற்றல், முடிவில் அங்கீகாரமுள்ள தகுதி.

ஊதியம், விடுப்பு எல்லாம் பொதுவாக எழுதியே இருக்கும். நான் விரல் வைத்துத் தேடுவது மூன்று இடத்தில். முதலாவது, தொழிலின் பெயர். "பொது உதவி" அல்லது "உற்பத்திப் பணி" என்று மட்டும் இருந்தால் வேண்டாம். டர்னர், எலக்ட்ரீஷியன், வெல்டர் என்று தொழிலைச் சொல்ல வேண்டும். எந்தக் கட்டத்தில் எதைக் கற்பீர்கள் என்ற திட்டமும் கூட இருந்தால் இன்னும் நல்லது. என் முதல் ஒப்பந்தத்தில் டர்னர் என்று இருந்தது, திட்டம் இல்லை. அந்த ஓட்டை வழியாகத்தான் ஏழு மாதம் போயிற்று. இரண்டாவது, வகுப்பு நேரம். வேலை நேரத்துக்குள் வகுப்பா, ஷிஃப்ட் முடிந்த பிறகா? ஷிஃப்ட் முடிந்து களைத்துப் போய் உட்கார்ந்தால் டிராயிங் மண்டையில் ஏறாது, அதைப் பல பேரிடம் பார்த்துவிட்டேன். மூன்றாவது, சான்றிதழ் தருவது யார்? நிறுவனத்தின் கடிதத்தாளில் வரும் சான்றை அடுத்த நிறுவனம் மதிக்க வேண்டிய கட்டாயம் இல்லை. வெளியிலிருந்து வந்து தேர்வு வைத்து, அரசு அங்கீகாரத்தோடு கொடுப்பதுதான் உங்களோடு கூட வரும்.

காலத்தையும் கவனியுங்கள். இங்கிலாந்தில் சில மாதங்களிலேயே முடித்துவிடும் பயிற்சிகள் பெருகியதால் 2012இல் குறைந்தது ஒரு வருஷம் என்று விதித்தார்கள். 2025 ஆகஸ்டில் அதை எட்டு மாதமாகக் குறைத்திருக்கிறார்கள். சில தொழில்களுக்கு எட்டு மாதம் போதுமாக இருக்கலாம். லேத்தில் எட்டு மாதப் பழக்கம் உள்ள ஒருவரைத் தனியாக விட என் மனம் ஒப்பாது.

சேர்ந்த நாளிலிருந்து ஒரு நோட்டுப் போடுங்கள். தேதி, எந்த மெஷின், என்ன வேலை, யார் சொல்லித்தந்தார், எதை அளந்தேன். நாலு வரி போதும். ஜெர்மனியில் பழகுநர் இப்படி ஒரு பதிவேடு வைத்திருக்க வேண்டும், அதில் பயிற்றுநரின் கையெழுத்தும் வேண்டும், அது இல்லாமல் இறுதித் தேர்வுக்கு விட மாட்டார்கள். உங்கள் இடத்தில் கட்டாயம் இல்லையென்றாலும் வாரம் ஒரு முறை பயிற்றுநரிடம் கையெழுத்துக் கேளுங்கள். நான் கற்றுக்கொடுத்த காலத்தில் அந்த நோட்டைப் பார்த்துத்தான், இவனுக்கு இன்னும் த்ரெட் (திருகு மரை) வெட்டக் காட்டவில்லையே என்று எனக்கே உறைக்கும்.

பல ஒப்பந்தங்களில் தொடக்கத்தில் ஒரு தகுதிகாண் காலம் இருக்கும். ஜெர்மனியில் அது ஒன்று முதல் நாலு மாதம். அதற்குள் காரணம் சொல்லாமலே இரண்டு தரப்பும் விலகலாம். உங்கள் ஒப்பந்தத்தில் அது எந்தத் தேதியில் முடிகிறது என்று நோட்டின் முதல் பக்கத்தில் எழுதிவையுங்கள். அதற்கு இரண்டு வாரம் முன்னால் நோட்டை எடுத்து, புதிதாகக் கற்றது எத்தனை நாள், ஒரே வேலையைத் திரும்பச் செய்தது எத்தனை நாள் என்று எண்ணுங்கள். திரும்பச் செய்ததே அதிகம் என்றால் பயிற்றுநரிடமும், தேவைப்பட்டால் அவருக்கு மேலே இருப்பவரிடமும் நோட்டைக் காட்டிப் பேசுங்கள். இரண்டு வாரத்தில் வேலை மாறவில்லையென்றால் விலகி, அடுத்த இடத்தைத் தேடுங்கள். நோட்டை அங்கே விட்டுவராதீர்கள், அடுத்த நேர்முகத்துக்கு அதையும் எடுத்துப் போங்கள்.